பிள்ளைகள் மண்ணையும் படிக்கட்டும்!

ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. பலருக்கு வேலை கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால், ஓசூர் ரோஜாவும் கிருஷ்ணகிரி மாம்பழமும் மண்ணில்தானே விளைகின்றன? அந்த மண் நலமாக இருக்கிறதா?

பள்ளிப் பிள்ளைகளே இதைப் பார்த்துச் சொல்லலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ந்த மண்கட்டியைப் போடுங்கள். குலையாமல் நின்றால் நல்ல மண். உடனே கரைந்து கலங்கினால், மண்ணில் மக்கு குறைவு. தொழு உரம் வேண்டும்.

பருத்தித் துணி ஒன்றை ஈர மண்ணில் புதையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். இற்றுப் போயிருந்தால் மகிழுங்கள்! கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்றிருக்கின்றன. துணி அப்படியே கிடந்தால், மண்ணில் உயிர் குறைந்துவிட்டது.

கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை ஆற்றில், கெலவரப்பள்ளி அணையருகே நுரை பொங்கியதைப் பலமுறை பார்த்தோம். அத்தகைய கழிவு மண்ணில் கலந்ததா என்பது டம்ளரில் தெரியாது. அதற்குப் பரிசோதனைக் கூடம்தான் வேண்டும்.

2015-ல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அட்டையில் 12 விவரங்கள் உண்டு. அதைப் பெட்டியில் பூட்டி வைத்து என்ன பயன்? மகனோ மகளோ அப்பாவுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

மாணவர்களே மண்ணைச் சோதிக்கும் திட்டத்தை மத்திய அரசு முதலில் 20 பள்ளிகளில் நடத்திப் பார்த்தது. நம் எல்லைப்புறப் பள்ளிகள் அனைத்திலும் அது நடக்க வேண்டும்.

ஏட்டைப் படிக்கும் பிள்ளை மண்ணையும் படித்தால், வீட்டில் சோற்றுக்குக் குறைவிராது!