பூக்கும்வரை பொறுத்திருப்போம்

புனேயின் மீன்தொட்டி ஆர்வலரிடையே அடிக்கடி எழும் கேள்வி, "இது என்ன செடி?" என்பது. காட்டப்படுவது நீருக்கடியில் நிற்கும் ஒரு தண்டுச்செடியின் படம். சில நிமிடங்களில் நான்கு பெயர்கள் வந்துவிடும். நீரடி இலையை மட்டும் கண்டு இனப்பெயர் சூட்டும் இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

நீரடி இலை, செடியின் இனத்தைக் காட்டிலும் அது வளரும் சூழலையே மிகுதியும் காட்டுகிறது. நம் நீர்முள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் இதற்குத் தக்க சான்று. நீருக்கு மேலே அதன் இலை பிளவற்றது. நீருக்குள் சீப்பின் பற்களைப் போலப் பிளந்தது. வெப்பம் குறைந்தால் நிலத்தில் வளரும் செடியின் இலையும் பிளவுபடும்.

மொழியியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. 'பல்', 'தம்பி' ஆகிய சொற்களில் பகரம் வேறுவேறாக ஒலிக்கிறது. எனினும் எழுத்து ஒன்றே. இடத்தால் வரும் வேறுபாட்டை எழுத்து வேறுபாடாக நாம் கொள்வதில்லை. செடியிலும் அவ்வாறே கொள்ளலாகாது.

கொண்டதன் விளைவையும் கண்டிருக்கிறோம். ரோட்டாலா ரோட்டண்டிஃபோலியா என்னும் செடி, ரோட்டாலா இண்டிகா என்ற பெயரில் உலகச் சந்தையில் நெடுங்காலம் விற்கப்பட்டது. முன்னதன் பெயருக்கு 'வட்ட இலையுடையது' என்று பொருள். நீருக்குள்ளோ அதன் இலை குறுகி நீண்டுவிடுகிறது. ஐயத்தைத் தீர்ப்பது பூவே. இண்டிகா இலைக்கக்கத்தில் பூக்கும். ரோட்டண்டிஃபோலியா தண்டின் நுனியில் கதிர்விடும்.

அழகுக்கு வளர்ப்பவருக்குப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். 'ஆரஞ்சு ஜூஸ்' போன்ற வணிகப் பெயர்களோடு எனக்குப் பிணக்கில்லை. அவை இனப்பெயராக வேடமிடாதவரை தீங்கற்றவை. ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் ரோட்டாலா இனங்கள் பல உள்ளன. கையிலிருப்பது பண்ணையில் பெருக்கிய செடியா, அருகிவரும் ஓரிடவாழ் இனமா என்பதைப் பிழையான பெயர் மறைத்துவிடும். தொட்டியைக் கழுவி முளா, முட்டா ஆறுகளில் கொட்டுவோருக்கும் பெயர் வேண்டும். இந்தியாவுக்கு உரிய ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, அமெரிக்காவில் கூட்டரசு தடைசெய்த களையாகிவிட்டது. ஓரிடத்துச் செடி வேறிடத்தில் என்னவாகும் என்பதற்கு அதுவே எச்சரிக்கை.

செய்ய வேண்டியது எளிது. ஒரு துண்டுத் தண்டை ஈரமண் நிறைந்த சட்டியில் நட்டு, ஒளிபுகும் மூடியால் மூடுங்கள். புது இலைகள் வந்தபின் மூடியைச் சிறிது சிறிதாகத் திறவுங்கள். காற்றில் ஈரம் நிறைந்த புனேயின் மழைக்காலம் இதற்கு ஏற்றது. பூத்ததும் இலை, கக்கம், பூ மூன்றையும் படமெடுங்கள். எவரிடம், எப்போது பெற்றீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் மேற்கு மண்டல மையம் இந்நகரிலேயே இருக்கிறது. பூவோடு கூடிய மாதிரியே அறிஞர்க்கும் பயன்படும்.

அதுவரை சீட்டில் 'ரோட்டாலா, இனம் தெரியவில்லை' என்றே எழுதுவோம். அது குறையன்று, நேர்மையான பெயர்.