மினிக்காய் விளக்கம்: யாருக்கான பாதுகாப்பு?

கிழக்கேகோட்டைக்குத் தெற்கே விழிஞ்ஞத்தில், அதானி குழுமம் இயக்கும் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. சூயஸ் வழியே இக்கடற்பரப்புக்கு வரும் கப்பல்களுக்கு வழிகாட்டி நிற்பது, அரபிக்கடலின் நடுவே மினிக்காய் தீவில் 1885இல் பிரிட்டிஷார் எழுப்பிய கலங்கரை விளக்கம்.

1947இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் இவ்விளக்கம் பிரிட்டன் வசமே இருந்தது. 1956இல்தான் இந்தியாவின் கைக்கு வந்தது. இவ்வாறு மீட்ட பொதுச்சொத்தை யாருக்காகப் பாதுகாப்பது என்பதே இன்றைய கேள்வி.

பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களை அறிவித்து, கல்வி, பண்பாடு, சுற்றுலா ஆகியவற்றுக்காக மேம்படுத்த 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. நடைமுறையில் முன்னிற்பது சுற்றுலாவே. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் பிரதமர் அர்ப்பணித்தது, 75 கலங்கரை விளக்கங்களில் அமைந்த சுற்றுலா வசதிகளைத்தான்.

உப்புக்காற்று செங்கற்கோபுரத்தை ஓயாமல் அரிக்கிறது. அதைக் காப்பவர்கள் சுண்ணச்சாந்தின் பக்குவமறிந்த கொத்தனார்களும் நிரந்தர ஊழியர்களுமே. நுழைவுச்சீட்டும் உணவகமும் அல்ல.

மினிக்காய் மக்களில் பலர் தலைமுறைகளாகக் கப்பல்களில் உழைக்கும் கடலோடிகள். அவ்விளக்கம் அவர்களது உழைப்பின் வரலாறும் ஆகும். 2021இல் லட்சத்தீவு மக்களின் நிலவுரிமையை அச்சுறுத்திய வரைவு விதிகளுக்கு எதிராகக் கேரள சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஒருமைப்பாடு இங்கும் தேவை. பராமரிப்பு அரசுத் துறையிடமே நீடிக்க வேண்டும். தீவு மக்களும் ஊழியர்களும் முடிவெடுப்பதில் பங்குபெற வேண்டும். பாரம்பரியத்தின் பெயரால் தனியார்மயம் நுழைவதை அனுமதியோம்!