பனியனுக்குக் கேட்ட கேள்வியைக் குண்டுக்கும் கேட்போம்

திருப்பூர் பனியன் கப்பல் ஏறுவதற்கு முன், அதைத் தைத்த பெண்ணைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. எத்தனை மணி நேரம் ஓவர்டைம்? விடுதியில் பூட்டி வைத்தார்களா? சூப்பர்வைசரின் கை நீண்டதா? முதலாளிகளின் மனம் இளகி வந்த கேள்விகள் அல்ல இவை. சுமங்கலித் திட்டத்தில் சிக்கிய பெண்கள் வாய் திறந்ததால் வந்தவை. திண்டுக்கல்லில் 2021இல் ஓர் இளம் ஆடைத் தொழிலாளி கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில், பாலின வன்முறைக்கு எதிரான திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நான் கோவைக்காரி. எங்கள் மண்ணிலிருந்து ஆயுதம் போகும்போது இப்படி ஒரு கேள்வியும் ஏன் இல்லை என்று கேட்கிறேன்.

2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் உண்டு. பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றிப் பெயர் வாங்கிய ஊர் இன்று இராணுவ ஆர்டர்களைத் தேடுகிறது. 2024-25இல் நாட்டின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய் என்று அரசு பெருமையோடு அறிவித்தது.

கட்டுப்பாடே இல்லை என்று சொல்லவில்லை. ‘ஸ்கோமெட்’ என்ற பட்டியல் இருக்கிறது. அதன் ஆறாம் பிரிவில் வரும் இராணுவத் தளவாடங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி தர வேண்டும். வாங்குகிறவர் யார், பயங்கரவாதிகள் கைக்குப் போகுமா, வெளியுறவுக் கொள்கைக்குப் பொருந்துமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு அது பயன்படுமா என்ற கேள்வி மட்டும் அங்கே தனியாக இல்லை.

உலகம் அதை எழுதிவிட்டது. 2013இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, பாலின வன்முறைக்கான அபாயத்தைக் கணக்கில் எடுத்த பிறகே ஏற்றுமதியை முடிவு செய்ய வேண்டும் என்கிறது. பெண்கள் அமைப்புகள் போராடிச் சேர்த்த வரி அது. 154 நாடுகள் ஆதரித்த அந்த வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்றது. இன்றுவரை கையெழுத்திடவில்லை.

காசாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பும் உரிமங்களை ரத்து செய்யக் கோரிய மனு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று 2024 செப்டம்பர் 9 அன்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அரசு சொல்லாது, நீதிமன்றம் கேட்காது என்றால் நாம் யாரிடம் போவது?

பதில் கிடைக்காத ஊரில் என்ன நடக்கும் என்பதைக் கோவை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2009 மே 2 அன்று, வன்னியில் நம் பெண்களும் குழந்தைகளும் செத்துக்கொண்டிருந்த நாட்களில், நீலாம்பூர் அருகே இராணுவ வாகனங்களைப் போராட்டக்காரர்கள் மறித்துத் தாக்கினார்கள். இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்ற சந்தேகம்தான் காரணம். பயிற்சி முடித்துத் திரும்பும் வண்டிகள் என்றது இராணுவம். எந்த ஆயுதம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நேர்வழி இல்லாத இடத்தில் வதந்திதான் செய்தியாகும். அதன் விலையாக வழக்கும் சிறையும் வந்தன.

“பசங்களுக்கு வேலை கெடைக்குதுங்க, நமக்கெதுக்கு வம்பு?” என்பார்கள். சுமங்கலித் திட்டத்துக்கும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள்: கல்யாணத்துக்குக் காசு கிடைக்கிறதே! கேள்வி கேட்டதால் பனியன் தொழில் அழிந்துவிடவில்லை. அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

எனவே தோழிகளே, மூன்றைக் கேட்போம். எந்தப் பொருள் எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒவ்வொரு உரிமத்தையும் வெளியிடு. ஸ்கோமெட் விதிகளில் பாலின வன்முறைக்கான அபாயத்தைச் சேர். ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திடு.

இது தேசப் பாதுகாப்பு, பெண்களுக்குப் புரியாது என்பார்கள். குண்டு விழும் ஊரில் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவளும், முகாமில் பிள்ளை பெறுபவளும், சோதனைச் சாவடியில் உடல் தடவப்படுபவளும் பெண்தான். எங்களுக்கு நன்றாகவே புரிகிறது.