மணிக்கட்டில் தெரியும் எண்

மூச்சுக்கருவியைச் சுமந்து கடலுக்கடியில் உலவும் ஸ்கூபா முக்குளிப்பைக் கற்க வருவோரின் மணிக்கட்டில், இன்று பெரும்பாலும் தொடக்கப் பயிற்சியிலேயே முக்குளிப்புக் கணினி கட்டப்படுகிறது. கைக்கடிகாரம் போன்ற அக்கருவி, இருக்கும் ஆழம் எவ்வளவு, அங்கே இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம், மேலேறும் வேகம் சரிதானா என்பவற்றைக் காட்டுகிறது. அதனை வேண்டாமென்பது என் கருத்தன்று. ஆயினும், அந்த நிமிடக் கணக்கை அட்டவணையை வைத்துத் தாளில் ஒருமுறையேனும் போட்டுப் பாராத ஒருவரிடம் அதனை ஒப்படைப்பது முறையன்று என்பேன்.

அக்கணக்கு எதனைப் பற்றியது? கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்காகிறது. மூச்சுக்கருவியும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான காற்றையே தருகிறது. அக்காற்றிலுள்ள நைட்ரஜனை உடல் பயன்படுத்துவதில்லை. அது குருதியிலும் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் நுரை பொங்குவதுபோல் அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டுவலியோடு நிற்கலாம், தண்டுவடத்தைத் தாக்கிக் கால்களைச் செயலிழக்கவும் செய்யலாம். (மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிய முத்துக்குளிப்போர் அழுத்தக் காற்றைச் சுவாசித்தவரல்லர், அவர்கள் எதிர்கொண்ட இடர்கள் வேறு.)

இதற்கு முதன்முதலில் முறையான கணக்கு வகுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரித்தானியக் கடற்படைக்காக வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, 1908ஆம் ஆண்டு தம் அட்டவணைகளை வெளியிட்டார். உடலை அவர் ஐந்து வகைத் திசுக்களாகக் கற்பனை செய்தார். ஒருவகை 5 நிமிடத்தில் பாதியளவு நைட்ரஜனை ஏற்கும். மற்றொருவகைக்கு 75 நிமிடம் வேண்டும். இன்றைய கணினிகள் பலவற்றில் இயங்குவது சூரிச் நகர மருத்துவர் பூல்மான் விரிவாக்கிய 16 வகைக் கணக்கு. வகைகள் பெருகினவே தவிர, அடிப்படை அதுவே.

இங்கேதான் தொடக்கநிலையினர் பலர் மயங்குகின்றனர். கணினி உடலை அளப்பதில்லை. அது அளப்பது நீரின் அழுத்தத்தையும் கழிந்த நேரத்தையுமே. எஞ்சியது ஒரு கற்பனை உடலுக்கான கணக்கு. அணிந்தவர் இரவெல்லாம் உறங்காதவரா, நீர் அருந்தாதவரா, குளிரில் நடுங்குபவரா என்பதை அது அறியாது.

அட்டவணையைவிடக் கணினி மேலானது என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. அட்டவணை, முழு நேரமும் மிகு ஆழத்திலேயே கழிந்ததாகக் கொள்ளும். கணினியோ ஏறி இறங்கியதை நொடிதோறும் கணக்கிடும். கூட்டலில் கைப்பிழையும் நேராது. ஆனால் அட்டவணையைப் பார்த்தவர், 18 மீட்டரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தங்கலாமென்றால் 30 மீட்டரில் 20 நிமிடமளவே தங்கலாம் என்பதை மனத்தில் பதித்திருப்பார். ஆக்சிஜன் மிகுந்த கலவைக்கென முந்திய நாள் அமைத்த கருவியை மாற்றாமல் சாதாரணக் காற்றோடு இறங்கினால், அது பொருந்தாத கூடுதல் நிமிடங்களைக் காட்டும். அந்த எண்ணைக் கண்டு ஐயுறுபவர் யார்? கணக்குப் போட்டவரே.

இரவல் வாங்குவதும் இத்தகையதே. காலையில் ஒருவர் அணிந்ததை மாலையில் மற்றொருவர் அணிந்தால், அது முன்னவர் உடலில் எஞ்சிய நைட்ரஜனைப் பின்னவர்மீது ஏற்றிக் கணக்கிடும். இருவர் சேர்ந்து இறங்குகையில் கருவிகள் வேறுபட்டுக் காட்டினால், குறைந்த நிமிடத்தைக் காட்டுவதற்கே இருவரும் கட்டுப்பட வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று ஏறுவதைக் கருவி நினைவூட்டாவிடினும் கைவிடலாகாது.

கரையேறிய பின் தோளில் வலியோ விரல்களில் மரமரப்போ தோன்றினால், வரம்பு மீறியதாகக் கணினி காட்டவில்லையே என்று காத்திருத்தல் கூடாது. வரம்புக்குள் இருந்தோர்க்கும் இந்நோய் வந்ததுண்டு. உடனே ஆக்சிஜன் தந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். கணினியையும் உடன் கொண்டுசெல்லலாம், அதிலுள்ள ஆழ, நேரப் பதிவு அவருக்குப் பயன்படும்.