கதிர் என்னும் பெயர் தகுமோ?

விண்ணினின்று இடையறாது பொழியும் நுண்பொருளைத் தமிழில் 'அண்டக் கதிர்' என வழங்குகின்றனர். இப்பெயர் பொருந்தாதென்பதே நம் கருத்து. 1912ல் ஹெஸ் என்பார் பலூனில் உயரச் சென்று இதனைக் கண்டறிந்தார். 1925ல் மில்லிகன் இதற்குக் கதிரென ஆங்கிலத்திற் பெயரிட்டபொழுது, இஃது ஒளியினத்தைச் சேர்ந்ததென்றே கருதினார். பூமியின் காந்தத்தால் நடுக்கோட்டருகே இதன் வரவு குறைகின்றதென்பது கிளே, காம்ப்டன் ஆகியோரால் நிலைபெற்றதும் அக்கருத்து வீழ்ந்தது, பெயரோ வீழ்ந்திலது.

ஒளிக்கதிர் நேரே செல்வது. இவையோ மின்னேற்றமுடைய அணுக்கருக்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 90 ஹைட்ரஜன், 9 ஹீலியம், எஞ்சிய சிறுபகுதியிற் கரி, இரும்பு முதலியன. நம் விண்மீன் மண்டலத்துக் காந்தப் புலம் இவற்றை ஓயாது வளைத்து அலைக்கழிக்கின்றது. நேரே சென்றால் சில ஆயிரம் ஆண்டுகளில் வெளியேறத்தக்க இவை, ஒரு கோடி ஆண்டுக்கு மேலும் உள்ளேயே திரிகின்றன.

கனத்தது பின்தங்கும் என எளிதிற் கூறிவிடுவாருமுளர். ஈண்டு வளைவுக்குக் காரணம் கனமன்று, மின்னேற்றமே. ஒரே ஆற்றலுடன் இரும்பும் புரோட்டானும் புறப்படின், 26 மடங்கு ஏற்றமுடைய இரும்பு 26 மடங்கு மிகுதியாக வளையும். ஆதலின் நெடிது தங்கும். அங்ஙனந் தங்குவதாலும், உருவிற் பெரிதாதலாலும், வழியிலுள்ள வாயுவில் மோதி உடைவதும் அதற்கே மிகுதி.

உடைதலின் பயனை அறிய விருத்தாசலத்துச் சூளைகளை நினைத்தால் போதும். பீங்கான் மெருகுகள் பலவற்றிற் சேரும் வெங்காரத்தில் போரான் உண்டு. விண்மீன்கள் தம் உட்சூட்டில் போரானை அழிப்பனவேயன்றி ஆக்குவனவல்ல. இத்துகள்களின் மோதலிற் கரியும் பிராணவாயுவும் உடைந்தே அது பெரும்பாலும் பிறந்தது. கிண்ணத்தின் பளபளப்பிலும் இவ்வலைச்சலின் எச்சம் உளதென்பது வியப்பன்றோ!

உதகைக்கருகே 2200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் உளது. ஏறத்தாழ 400 ஒளிர்வுக் கருவிகளும், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் கருவியும் அங்கே இயங்குகின்றன. ஒரே ஆற்றலில், இரும்பு தூவும் மியூவான்கள் புரோட்டான் தூவுவனவற்றினும் மிகுதி. அவ்வெண்ணிக்கையே இனம் பிரிக்கும் துலாக்கோல். ஆற்றல் ஏற ஏறப் புரோட்டான்களின் வரவு ஒரே சீராகக் குறையுமென்று பலரும் எண்ணியிருக்க, 166 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அவ்வளவிற்குக் குறையவில்லையென 2024ல் இவர்கள் வெளியிட்டனர்.

கதிரென்பது நெற்கதிரையும் நூற்குங் கதிரையுங் குறிக்குமே எனச் சிலர் வாதிப்பர். காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றோடும் துகளுக்கு நூற்குங் கதிர் இனிய உவமையே, மறுக்கோம். ஆயினும் பள்ளிச் சிறார் எண்ணுவது ஞாயிற்றின் கதிரையே. நேரே வருவதென எண்ணிய பின், வந்த திசையிற் பிறப்பிடத்தைத் தேடுவர், அங்கே ஒன்றுமிராது. 'அண்டத்துகள்' என்னும் பெயரைத் தமிழாசிரியரும் பௌதிக ஆசிரியரும் ஒருங்கமர்ந்து ஆராய்வாராக. அடுத்த பாடநூல் அச்சேறுமுன் ஆராய்தல் நலம்.