இறுகிய போல்ட்டுக்கு வலிமை மருந்தல்ல

பெங்களூரில் பழைய காரை வீட்டிலேயே சீரமைக்க முனைவோரிடம் பெரும்பாலும் வந்து சேர்பவை மும்பையின் பிரீமியர் பத்மினியும், 2014இல் தயாரிப்பு நின்றுபோன இந்துஸ்தான் அம்பாசிடரும்தான். இவற்றின் என்ஜின் பாகங்களை ஜே.சி. சாலைக் கடைகளிலும் சிவாஜிநகரின் பழைய உதிரிபாகச் சந்தையிலும் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. மேலும், 50 ஆண்டுகளைக் கடந்த காரைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவுசெய்ய, அதன் என்ஜின் பெரிதும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்று 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் கோருகின்றன. ஆகவே, இறுகிப்போன ஒரு போல்ட்டை அவசரத்தில் முறித்து என்ஜின் பிளாக்கைப் பழுதாக்குவது சிறிய இழப்பன்று.

போல்ட் இறுகுவதற்கான காரணங்கள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகுவதால், மரைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி அடைபட்டுவிடுகிறது; புகைபோக்கி மேனிஃபோல்டை, அதாவது எரிந்த வாயுவைத் திரட்டி வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாயை, பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் (தலையில்லாத மரைத்தண்டுகளில்) மாறி மாறி வரும் சூடும் குளிர்ச்சியும் இந்த அடைப்பை மேலும் கெட்டிப்படுத்துகின்றன. பத்மினியின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டிலோ, எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதால் நிகழும் மின்வேதி அரிப்பு, வெண்ணிறப் பொருக்காகப் படிந்து ஸ்டட்டைக் கவ்விக்கொள்கிறது.

இத்தகைய பிடிப்பை வெறும் கைவலிமையால் வெல்ல முயல்வதில் ஓர் ஆபத்து உண்டு. முறுக்குவிசையைத் தாங்கும் திறன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், 6 மி.மீ. போல்ட் தாங்கும் முறுக்கு 8 மி.மீ. போல்ட் தாங்குவதில் பாதிக்கும் குறைவே. ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி அழுத்துபவருக்குப் போல்ட் சுழல்கிறதா முறிகிறதா என்பது கையில் தெரிவதில்லை. அளவு பொருந்தாத ஸ்பேனரும் அதே அளவு தீங்கானது: அம்பாசிடரின் பல போல்ட்டுகள் அங்குல அளவின; அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. என்பதால், அதில் 13 மி.மீ. ஸ்பேனரை மாட்டினால் தளர்ந்து நின்று முனைகளை மழுக்கிவிடும். ஆறு முனைகளையும் முழுமையாகப் பற்றும் அறுகோண பாக்ஸ் ஸ்பேனரே ஏற்றது.

முறையான வரிசை எளியது. கம்பித் தூரிகையால் மரையின் வெளிப்பகுதியைச் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். அதிர்வு துருவில் வெடிப்பு உண்டாக்க, எண்ணெய் அவ்வழியே உள்ளே இறங்கும். பலரும் நாடும் டபிள்யூடி-40, அமெரிக்காவில் 1953இல் நீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது என்பதால், கெட்டியான துருவுக்கு அதற்கென்றே விற்கப்படும் எண்ணெய் மேலானது. பின்னர் முதலில் சற்றே இறுக்கி, அசைவு தெரிந்ததும் தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாகத் திருப்பினால் உதிர்ந்த துரு மரையில் சிக்காமல் வெளியேறும்.

அதற்கும் அசையாவிட்டால் வெப்பம் உதவும். அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், போல்ட்டை விட்டு அதைச் சுற்றியுள்ள பாகத்தைச் சூடாக்குவதே பயன் தரும். ஆனால் ஊற்றிய எண்ணெயைத் துடைக்காமலும், பெட்ரோல் குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் அருகிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள வாகன நிறுத்தத்திலும் தீயைப் பயன்படுத்தவே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் போல்ட் முறிந்தால், எஞ்சிய துண்டின்மீது நட்டை வெல்டிங் செய்து சுழற்றுவதையோ, துளையிட்டு மரையைப் புதுப்பிப்பதையோ அனுபவமுள்ள லேத் பட்டறையிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. கோணம் பிசகிய ஒரு துளை பிளாக்கையே வீணாக்கிவிடும். கழற்றிய போல்ட்டை மீண்டும் பூட்டுவோர், புகைபோக்கிப் பக்கத்து மரைகளிலேனும் செம்புத்தூள் கலந்த கிரீஸைத் தடவி, வழவழப்பான மரைக்கேற்ப இறுக்கும் விசையைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து அந்த என்ஜினைத் திறப்பவருக்கு இந்த வேலை பாதியாகக் குறையும்.