சுவர் இருந்தால்தான் சித்திரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வருவோர், மரக்காணம் உப்பளங்களை எட்டுவதற்கு முன்பே கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையைக் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த செங்கல் கோட்டை அது. 1750-இல் முசாபர் ஜங் அதனைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு அளித்தார். 1760-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றித் தகர்த்தனர். எஞ்சி நின்ற சுவர்களை 2004-இல் ஆழிப்பேரலையும் விட்டுவைக்கவில்லை.

மாமல்லபுரம் - புதுச்சேரி சாலை இப்போது நான்கு வழிச் சாலையாக விரிவடைந்து வருகிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே, இந்தக் கடற்கரையை நாடி வருவோரின் எண்ணிக்கை இனிப் பெருகுமே தவிரக் குறையாது. வருவோரின் வசதிக்கு எவ்வளவு செலவிடுவது, கோட்டையைக் காப்பதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

உப்பளத்தில் உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும்தான் கோட்டைச் சுவரையும் அரிக்கின்றன. செங்கல்லுக்குள் ஊறிய உவர்நீர் வெயிலில் வற்றும்போது, உப்பு அதன் நுண்துளைகளில் படிகமாகி விரிகிறது. நாளடைவில் செங்கல் பொரிந்து உதிர்கிறது. சிமென்ட் பூச்சு இதற்குத் தீர்வாகாது. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஈரம் வெளியேற வழிவிடும் சுண்ணாம்புச் சாந்துதான் உகந்தது. அது பொறுமையும் தேர்ந்த கைகளும் கோரும் வேலை. ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடியதும் அல்ல.

இந்தச் சிக்கல் கோட்டைகளுக்கு மட்டும் உரியதன்று. ரயில் அருங்காட்சியகங்களும் இதையே எதிர்கொள்கின்றன. 1977-இல் தில்லியில் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகமானாலும், 2002 முதல் சென்னை ஐ.சி.எஃப். வளாகத்தில் இயங்கிவரும் ரயில் அருங்காட்சியகமானாலும், குழந்தைகளை ஈர்ப்பது சிறுவர் ரயில்தான். ஆனால், அங்கு செல்வதற்குக் காரணமாக இருப்பவை பழைய எஞ்சின்களும் பெட்டிகளும். அவற்றைத் துரு தின்றுவிட்டால், எஞ்சுவது மற்றுமொரு பூங்காவே.

மீட்டெடுப்பே பெரிய ஈர்ப்பாக மாற முடியும் என்பதற்கும் ரயில்வே துறையிலேயே சான்று உண்டு. 1855-இல் தயாரான 'இ.ஐ.ஆர்.-21' நீராவி எஞ்சின், ஏறத்தாழ நூறாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் 2010-இல் அதை மீண்டும் ஓடவைத்தனர். பின்னர் எழும்பூர் - கோடம்பாக்கம் தடத்தில் அது ஓடியபோது, மக்கள் ஆர்வத்துடன் திரண்டனர். அந்தத் தொழிலாளர்களின் கைத்திறனுக்குச் செய்த செலவு, எந்த அலங்கார வளைவும் தர முடியாத பலனைத் தந்தது.

இயற்கைச் செல்வங்களைப் பற்றி 1967-இல் எழுதிய அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜான் கிருட்டில்லா, ஓர் ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டினார். தொழில்நுட்பம் வளர வளர, உற்பத்திப் பொருள்கள் பெருகும். ஆனால், அழிந்துபோன அரிய இடத்தை எந்தத் தொழில்நுட்பமும் மீண்டும் படைக்காது. புராதனச் சின்னங்களுக்கும் இது பொருந்தும். இந்த ஆண்டு கட்டாத சிற்றுண்டியகத்தை அடுத்த ஆண்டு கட்டலாம். இந்த மழையில் சரிந்த சுவரை அடுத்த ஆண்டு எழுப்பினால், அது பழைய சுவரைப் போன்ற புதிய சுவராகவே இருக்கும்.

ஆயினும், நிதி வசதிகளை நோக்கியே ஓடுகிறது. வாகன நிறுத்துமிடத்துக்குத் திறப்பு விழா நடத்தலாம். சுண்ணாம்புச் சாந்துக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. தனியார் பணமும் அப்படித்தான். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய பாரம்பரியச் சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தின்கீழ், தில்லி செங்கோட்டைக்காக 2018-இல் டால்மியா பாரத் குழுமம் 5 ஆண்டுகளில் ரூ.25 கோடி செலவிட ஒப்பந்தம் செய்தது. குடிநீர், கழிப்பறை, விளக்குகள், தகவல் பலகைகள் போன்ற வசதிகளே அத்திட்டத்தின் மையம். கட்டுமானத்தைக் காக்கும் பொறுப்பு தொல்லியல் துறையிடமே இருந்தது.

இதைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. கொள்கைக்கான பாடமாகக் கொள்ளலாம். வசதிகளுக்குப் பணம் போடப் பலர் முன்வருவார்கள், போட்ட பணம் திரும்பும் என்பதால். பராமரிப்புக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். வேறு எவரும் வராத இடத்தில்தான் அரசின் பணம் முதலில் நிற்க வேண்டும்.

அதற்காக, வருவோரின் தேவைகளை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் எப்படி வருவார்கள்? நிழலும் நடைபாதையும் இல்லாவிட்டால் முதியோர் காரை விட்டு இறங்குவார்களா? மக்கள் வராத சின்னத்துக்காகக் குரல் கொடுக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே, தேவை ஒரு வரிசைமுறை. முதலாவது, சிதைவைத் தடுக்கும் பணிக்கு ஆண்டுதோறும் தடையில்லா ஒதுக்கீடு. இரண்டாவது, கழிப்பறை, குடிநீர், நிழல், நடைபாதை ஆகிய அடிப்படை வசதிகள். இவையும் அரசின் கடமையே, ஆனால் கோட்டைச் சுவரிலிருந்து விலகி அமைய வேண்டும். மூன்றாவதாக உணவகம், படகு சவாரி, வண்ண விளக்குகள். இவற்றைக் குத்தகைக்கு விடலாம். உள்ளூர் மீனவர்களுக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் முன்னுரிமை தரலாம். குத்தகைத் தொகையும் வாகனக் கட்டணமும் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், தனிக் கணக்கு வழியாகக் கோட்டையின் பராமரிப்புக்கே திரும்ப வேண்டும். அந்த வரவு-செலவை நுழைவாயிலில் எழுதி வைத்தால், கட்டணம் செலுத்துவோரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆலம்பரையில் அது உவமை அல்ல. நிதிநிலை அறிக்கையில் இடம்பெற வேண்டிய முதல் வரி.